செம்புக் கம்பிக்குள் இருக்கும் பிசகும் வானத்தில் தேடிய பிசகும்

கோவை காயில்காரர் | வெள்ளி, இரவு 10.15

எல்லாருக்கும் வணக்கம். இருபத்திரண்டு வருஷமாக மோட்டார் ரீவைண்டிங் செய்கிறேன். ஒரு சந்தேகம் ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது. இந்த வாரம் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது.

எரிந்துபோன மோட்டாரில் இருந்து பழைய காயிலை உருவும்போது, நன்றாகக் கருகிய இடத்துக் கம்பி துவண்டு கிடக்கும். எந்தப் பக்கம் சாய்த்தாலும் சாயும். அதே கம்பியை ஒரே இடத்தில் ஏழெட்டுத் தடவை மடக்கி நிமிர்த்தினால் அந்த இடம் விறைத்துக்கொள்கிறது. மறுபடி மடக்கினால் அங்கே மடங்காமல் பக்கத்தில் மடங்குகிறது. அடுப்பில் சிவக்கக் காட்டி எடுத்தால் பழையபடி துவண்டுவிடும். எடை மாறவில்லை, செம்பு செம்பாகத்தான் இருக்கிறது. உள்ளே அப்படி என்னதான் மாறுகிறது?

இரண்டாவது, பையன் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வீடியோவில் வந்தது. பிரபஞ்சம் குளிர்ந்தபோது உலோகத்தில் விழுவது போன்ற குறைபாடுகள் அதிலும் விழுந்தன, விண்மீன் திரள்கள் அவற்றைச் சுற்றித்தான் சேர்ந்தன என்றார்கள். இது உண்மையா? என் கையில் இருக்கும் கம்பிக்கும் வானத்துக்கும் சம்பந்தம் உண்டா?

சேலம் பட்டறை வாத்தியார் | வெள்ளி, இரவு 11.40

அண்ணா, உங்கள் முதல் கேள்வி ஒரு காலத்தில் பெரிய பெரிய ஆட்களைத் திணறடித்த கேள்வி. பாலிடெக்னிக்கில் உலோகவியல் எடுக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பைச் செம்புக் கம்பியோடுதான் தொடங்குவேன்.

உலோகத்துக்குள் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கம்பி மடங்க வேண்டுமென்றால் ஓர் அடுக்கு இன்னோர் அடுக்கின் மேல் வழுக்க வேண்டும். அடுக்கு முழுவதும் ஒரே நேரத்தில் வழுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று 1926இல் ஃப்ரெங்கெல் கணக்குப் போட்டார். வந்த விடை, சுத்தமான உலோகப் படிகங்கள் நிஜத்தில் வளையும் விசையைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல். அந்தக் கணக்குப்படி பார்த்தால் உங்கள் கம்பியை யாராலும் கையால் மடக்க முடியாது.

விடை 1934இல் கிடைத்தது. டெய்லர், ஓரோவன், பொலானி என்று மூன்று பேர், தனித்தனியாக, அதே வருஷத்தில் ஒரே யோசனைக்கு வந்தார்கள். அடுக்கு முழுவதும் ஒன்றாக வழுக்குவதில்லை. கல்யாண மண்டபத்தில் பெரிய ஜமக்காளத்தை நாலு விரற்கடை நகர்த்த வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தமாகப் பிடித்து இழுத்தால் அசையாது. ஒரு ஓரத்தில் சின்ன மடிப்பை உண்டாக்கி, அந்த மடிப்பைக் காலால் தள்ளிக்கொண்டே மறுகோடி வரை போனால், ஒற்றை ஆளே நகர்த்திவிடலாம். அணு அடுக்கில் இருக்கும் அந்த மடிப்புக்குத்தான் டிஸ்லொகேஷன் என்று பெயர். நான் வகுப்பில் வரிசைப் பிசகு என்று சொல்வேன். ஓர் அணு வரிசை பாதியில் நின்றுபோயிருக்கும். அந்த நிற்கும் விளிம்பு ஒரு கோடாக உலோகத்துக்குள் ஓடும்.

சரி, விறைப்பது ஏன்? மடக்கும்போது பிசகுகள் நகர்வது மட்டுமில்லை, பெருகவும் செய்கின்றன. பெருகப் பெருக ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். சிக்கு விழுந்த இடத்தில் எந்தப் பிசகாலும் நகர முடியாது, அதனால்தான் கம்பி பக்கத்து இடத்தில் மடங்குகிறது. நெருப்பில் காட்டும்போது அணுக்களுக்கு அசைய வழி கிடைக்கிறது. பழைய சிக்கலான படிகத்தைத் தின்றுகொண்டு சுத்தமான புதுப் படிகங்கள் வளர்கின்றன. கம்பி துவண்டுவிடுகிறது.

ஒரு கணக்கு மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கப் போகிறேன். நன்றாகக் காய்ச்சி ஆறவிட்ட செம்பில் ஒரு கன சென்டிமீட்டருக்குள், அதாவது ஒரு சின்னப் பகடைக்காய் அளவுக்குள், இந்தக் கோடுகளை நீட்டிக் கோர்த்தால் 100 கிலோமீட்டர் வரும். கோவையிலிருந்து ஈரோடு போய்விடலாம். அதையே அடித்துத் தட்டி விறைக்கவைத்த பிறகு அளந்தால் 10 லட்சம் கிலோமீட்டர். நிலாவுக்குப் போய்த் திரும்பி வந்தாலும் மீதி இருக்கும்.

கோவை காயில்காரர் | சனி, காலை 6.05

சார், இதைப் படித்துவிட்டுக் காலையில் கடை திறந்ததும் ஒரு கம்பித் துண்டை எடுத்து மடக்கிப் பார்த்தேன். தினமும் செய்வதுதான், இன்றைக்கு வேறு மாதிரி இருந்தது. நன்றி.

அந்தக் கோடுகளை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறார்களா, இல்லை எல்லாம் கணக்குதானா?

சேலம் பட்டறை வாத்தியார் | சனி, காலை 7.30

பார்த்திருக்கிறார்கள். 1956இல் கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஹிர்ஷ், ஹார்ன், வீலன் மூவரும் மிக மெல்லிய அலுமினியத் தகட்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். கோடுகள் தெரிந்தன, அதுவும் கண்ணெதிரிலேயே நகர்ந்தன. அதே வருஷம் ஜெனீவாவில் போல்மன் என்பவர் துருப்பிடிக்காத எஃகில் பார்த்தார். 22 வருஷம் காகிதத்தில் மட்டும் இருந்த ஒன்று கண்ணுக்கு முன்னால் ஊர்ந்து போனது. அந்த நாளை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கும்.

இரண்டாவது கேள்வி என் துறை இல்லை. விஷயம் தெரிந்தவர்கள் வரட்டும்.

இரவுவானம் | சனி, பிற்பகல் 2.20

பிரபஞ்சவியலில் ஆராய்ச்சி செய்கிறேன், புனேவில் இருக்கிறேன். அண்ணா கேட்ட இரண்டாவது கேள்விக்குச் சுருக்கமான பதில்: ஒரு காலத்தில் உண்மையாக இருக்கலாம் என்று நம்பினார்கள், இப்போது இல்லை. நீளமான பதில்தான் சுவாரசியம்.

1976இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இருந்த டாம் கிப்பிள் ஒரு கட்டுரை எழுதினார். தொடக்கத்தில் பிரபஞ்சம் கடும் வெப்பத்தில் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருந்தது. குளிரும்போது, நீர் பனிக்கட்டி ஆவது போல, அதில் நிலைமாற்றம் நடந்தது. வெளியெங்கும் பரவியிருக்கும் புலம் ஒவ்வொரு இடத்திலும் ஏதாவது ஒரு திசையைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஆனால் தூரத்தில் இருக்கும் இரண்டு இடங்களுக்கு இடையே ஒளிகூடப் போய்ச்சேர நேரம் போதவில்லை. அவை ஒன்றையொன்று கேட்காமல் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்தன. பின்னால் அவை சந்திக்கும் இடங்களில் பொருந்தவில்லை.

இதற்கு என் பாட்டி தலைவாரி விடுவதை நினைத்துக்கொள்வேன். முடியை எந்தப் பக்கம் வாரினாலும் உச்சியில் சுழி ஒன்று நிற்கும். சீப்பால் அதை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளலாம், அழிக்க முடியாது. புலத்தில் விழுந்த அப்படிப்பட்ட சுழிகள் ஒரு கோடாக நீண்டால் அதுதான் அண்ட இழை. அணுவைவிடப் பல கோடி கோடி மடங்கு மெல்லியது. ஆனால் அப்போது பேசப்பட்ட மாதிரிகளின்படி எடை பயங்கரம். நாலைந்து கிலோமீட்டர் நீள இழை நம் பூமி முழுவதன் எடைக்குச் சமம்.

அவ்வளவு எடை இருந்தால் சுற்றிலும் உள்ள வாயுவை இழுக்கும், அது விண்மீன் திரள் ஆகும் என்று 1980களில் ரொம்பப் பேர் நம்பிக்கையோடு வேலை செய்தார்கள். அந்த வீடியோவில் சொன்னது அந்தக் காலத்துக் கதை.

அதை முடித்துவைத்தது ஆதி ஒளி. பிரபஞ்சத்துக்கு 3.8 லட்சம் வயதாக இருந்தபோது கிளம்பிய ஒளி இன்றும் நுண்ணலையாக எல்லாத் திசையிலும் இருந்து வருகிறது. அதன் வெப்பநிலையில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஏற்ற இறக்கம் உண்டு என்று 1992இல் கோபி செயற்கைக்கோள் காட்டியது. அந்த ஏற்ற இறக்கம் எந்த அளவுத் திட்டுகளில் அதிகம் என்பதுதான் அடுத்த கேள்வி. ஆதியில் விழுந்த சின்னச் சின்ன அலைகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பியிருந்தால், சுமார் ஒரு பாகை அளவுத் திட்டுகளில் கூர்மையான ஒரு உச்சம் தெரிய வேண்டும். இழைகள்தான் காரணம் என்றால், அவை எல்லாக் காலத்திலும் கலக்கிக்கொண்டே இருப்பதால் உச்சம் மழுங்கிப் பரந்திருக்கும். அண்டார்டிகாவின் மேல் பலூனில் பறந்த பூமராங் கருவியின் முடிவுகள் 2000இல் வந்தன. உச்சம் கூர்மையாக இருந்தது. பிறகு 2013இல் பிளாங்க் செயற்கைக்கோள் இன்னும் நெருக்கிவிட்டது. இழைகள் இருந்தாலும் அந்த ஏற்ற இறக்கத்தில் சில சதவீதத்துக்கு மேல் அவற்றுக்குப் பங்கில்லை.

தாம்பரம் ரயிலடி | சனி, மாலை 5.10

கிப்பிள் பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அவர் பிறந்தது சென்னையில், 1932 டிசம்பரில். அப்பா வால்டர் கிப்பிள் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். பையன் கல்லூரி வளாகத்தில் விளையாடி, அப்பா கொடுக்கும் கணக்குப் புதிர்களைப் போட்டு வளர்ந்தவர். டவ்டன் கோரி பள்ளியில் படித்துவிட்டு அப்புறம்தான் எடின்பரோ போனார். ஹிக்ஸ் துகளுக்கு வழிகாட்டிய 1964ஆம் வருஷக் கட்டுரைகளில் ஒன்றிலும் அவர் பெயர் இருக்கிறது. 2016இல் காலமானார்.

நான் படித்த கல்லூரி அது. மூன்று வருஷம் அந்த மரங்களுக்கு அடியில் நடந்தேன், இயற்பியல் பாடமும் படித்தேன், ஒருவர்கூட இதைச் சொல்லித் தரவில்லை. எனக்கு அது இன்னும் வருத்தம்தான்.

ஒரு கேள்வி மேடம். இழைகள் இல்லை என்றால், அத்தனை பேர் உழைப்பும் வீண்தானா?

சேலம் பட்டறை வாத்தியார் | சனி, இரவு 8.00

மேடம் பதில் சொல்லும் முன் நான் ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். வீடியோவில் வந்த ஒப்புமை பாதிதான் சரி. கம்பியில் உள்ள பிசகுகளில் பெரும்பங்கு குளிரும்போது விழுந்தவை இல்லை, மடக்கும்போதும் தட்டும்போதும் பிறந்தவை. கிப்பிள் சொன்னதற்கு உலோகத்தில் பக்கத்தில் வருவது வேறொன்று, மணி எல்லை. உலோகத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு சின்னப் படிகத்தையும் மணி என்போம், இரண்டு மணிகள் முட்டும் இடம் மணி எல்லை.

அதைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டாம். துத்தநாகம் பூசிய தகரப் பக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். மேலெல்லாம் பூப்பூவாக, சில இடம் பளபளப்பாக, சில இடம் மங்கலாகத் தெரியும். உருகிய துத்தநாகம் உறையும்போது பல இடங்களில் ஒரே நேரத்தில் படிகம் முளைக்கிறது. ஒவ்வொன்றும் தனக்குத் தோன்றிய திசையில் வளர்கிறது, பக்கத்தில் இருப்பதைக் கேட்பதில்லை. வளர்ந்து வந்து முட்டும் இடத்தில் வரிசைகள் பொருந்தாது. நீங்கள் பார்க்கும் அந்தப் பூவின் விளிம்புதான் அந்தப் பொருந்தாத எல்லை.

இரவுவானம் | சனி, இரவு 9.45

சார் சொன்னது முழுக்கச் சரி, நானே அதைச் சொல்லியிருக்க வேண்டும். அண்ட இழைக்கு இன்னும் நெருங்கிய உறவு உலோகத்தில் அரிதாகவும் திரவப் படிகத்தில் தாராளமாகவும் வரும் டிஸ்கிளினேஷன். படிகத்தில் இருந்து ஒரு ஆப்பு வடிவத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, வெட்டிய இரு விளிம்புகளையும் சேர்த்து ஒட்டினால் வருவது அது.

வட்டமாக ஒரு காகிதம் வெட்டி, அதில் மெல்லிய ஒரு துண்டை நறுக்கி எடுத்துவிட்டு விளிம்புகளை ஒட்டுங்கள். தட்டையான காகிதம் கூம்பாகிவிடும். அண்ட இழையைச் சுற்றியுள்ள வெளியும் கணக்குப்படி அப்படித்தான், ஒரு துண்டு குறைந்த வெளி. கூம்பின் உச்சிக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்தால், முன்னால் இருப்பவருக்கு அந்தப் புள்ளியில் இருந்து இரண்டு நேர்கோடுகள் வரும், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. அதாவது இழைக்குப் பின்னால் ஒரு விண்மீன் திரள் இருந்தால் நமக்கு அது பக்கத்தில் பக்கத்தில் இரண்டாகத் தெரியும். சாதாரண ஈர்ப்பு வில்லை, அதாவது வழியில் நின்று ஒளியைத் தன் ஈர்ப்பால் வளைக்கும் விண்மீன் திரள் போன்ற பொருள், உருவத்தை வளைத்து இழுத்துவிடும். இழை அப்படிச் செய்யாது, அச்சு அசலாக இரண்டு பிரதி தரும்.

2003இல் அப்படியே ஒன்று கிடைத்துவிட்டது! இத்தாலியும் ரஷ்யாவும் சேர்ந்த ஒரு குழு, நேப்பிள்ஸ் நகரத்துக் கபோதிமொந்தே வானாய்வகத்தின் படங்களில் இரண்டு விண்மீன் திரள்களைக் கண்டது. ஒரே வடிவம், ஒரே வண்ணம், ஒரே தூரம், இடையில் வெறும் 2 ஆர்க் செகண்டு (ஒரு பாகையை 3600 ஆகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு ஆர்க் செகண்டு). சிஎஸ்எல்-1 என்று பெயர் வைத்தார்கள். உலகம் முழுக்க ஆட்கள் அதன் மேல் விழுந்தார்கள். 2006 ஜனவரியில் ஹபிள் தொலைநோக்கி அதைக் கூர்ந்து பார்த்தது. ஒன்றின் பிரதி இல்லை, பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒன்றையொன்று ஈர்த்துக்கொண்டிருக்கும் இரண்டு தனித்தனி விண்மீன் திரள்கள். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தன, அவ்வளவுதான்.

உழைப்பு வீணா என்று கேட்டீர்கள் சார். இல்லை, ஏன் என்று சொல்கிறேன். 1985இல் லாஸ் அலமோஸில் இருந்த சூரெக், பிரபஞ்சத்தில் சோதிக்க முடியாததைக் குளிர்ந்த ஹீலியத்தில் சோதிக்கலாமே என்றார். நிலைமாற்றத்தை வேகமாகக் கடந்தால் சுழிகள் நிறைய விழ வேண்டும், நிதானமாகக் கடந்தால் குறைவாக. எவ்வளவு விழும் என்று கணக்கும் தந்தார். 1991இல் திரவப் படிகத்தில் செய்து பார்த்தார்கள், கைக்கடிகாரத் திரையில் இருக்கும் அதே வகைப் பொருள். நூல் நூலாகப் பிசகுகள் தோன்றி, வெட்டிக்கொண்டு, சுருங்கி மறைவதை நுண்ணோக்கியில் படம் பிடித்தார்கள். 1994இல் அதே கோணத்தில் இன்னொரு சோதனை செய்த நால்வரில் அஜித் ஸ்ரீவாஸ்தவா ஒருவர், பின்னாளில் புவனேஸ்வர் இயற்பியல் நிறுவனத்தில் பணியாற்றியவர்.

ஹீலியம்-4இல், அதாவது சாதாரண ஹீலியத்தில், நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1994இல் லங்காஸ்டர் குழு சுழிகளைக் கண்டோம் என்று அறிவித்தது. அப்புறம் அவர்களுக்கே சந்தேகம் வந்தது, கருவியின் அமைப்பே திரவத்தைக் கலக்கிவிடுகிறதோ என்று. கருவியைத் திருத்திக் கட்டி மறுபடி செய்தார்கள். சுழி தென்படவில்லை. 1998இல் அதையும் தாங்களே வெளியிட்டார்கள். முதல் முடிவு எவ்வளவு கொண்டாடப்பட்டிருந்தது என்பதை நினைத்தால் இது லேசான காரியம் இல்லை.

ஹீலியத்தின் இன்னொரு வகையான, ஒரு நியூட்ரான் குறைந்த ஹீலியம்-3 கைகொடுத்தது. 1996இல் கிரெனோபிளிலும் ஹெல்சிங்கியிலும் மில்லிகெல்வின் குளிரில், அதாவது இருக்கக்கூடிய கடைசிக் குளிருக்கு மிக அருகில், இருந்த ஹீலியத்தின் மேல் நியூட்ரானை விட்டார்கள். நியூட்ரான் பட்ட ஒரு துளி இடம் மட்டும் சூடாகி, கண நேரத்தில் மறுபடி குளிர்ந்தது. அந்த இடத்தில் சுழிகள் மிஞ்சின, கிப்பிளும் சூரெக்கும் சொன்ன கணக்குக்கு ஒத்து வந்தன. வானத்துக்காக யோசித்தது ஒரு சொட்டுத் திரவத்தில் பலித்தது. இன்றைக்குக் குவாண்டம் கருவிகள் வரை அந்தக் கணக்கைப் பயன்படுத்துகிறார்கள்.

கல்பாக்கம் பழைய ஆள் | ஞாயிறு, காலை 9.15

படித்துக்கொண்டே வந்தேன், ஒன்று சேர்க்கிறேன். நியூட்ரான் என்றதும் என் வேலை நினைவு வந்தது. வேக ஈனுலை என்ற வகை அணு உலையின் எஃகில் நியூட்ரான் மோதினால் அணு இடம் விட்டுத் தெறிக்கும், காலியிடம் விழும். காலியிடங்கள் கூடிக் கூடி உள்ளே சின்னச் சின்ன வெற்றறைகளாகும், எஃகு உப்பிவிடும். ஸ்காட்லாந்து டூன்ரே உலையின் எஃகில் இதைக் கண்டு 1967இல் வெளியிட்டபோது உலகத்தில் உள்ள எல்லா ஈனுலைக்காரர்களும் பதறினார்கள். கல்பாக்கத்துச் சோதனை ஈனுலை 1985 அக்டோபரில் இயங்கத் தொடங்கியதில் இருந்து எங்களுக்கும் அதுதான் பாடம். தடுப்பதற்கு ஒரு வழி என்ன தெரியுமா? எஃகை முன்கூட்டியே குளிர் நிலையில் இழுத்து, வாத்தியார் சொன்ன வரிசைப் பிசகுகளை வேண்டுமென்றே நிறைய ஏற்றிவிடுவது. காலியிடங்கள் கூடும் முன் பிசகுகள் அவற்றை விழுங்கிக்கொள்ளும்.

விண்மீன் திரள்களுக்கு நடுவிலும் வெற்றிடம் உண்டு, எஃகின் வெற்றறைக்கும் அதற்கும் ஆங்கிலத்தில் வாய்டு என்று ஒரே பெயர்தான். பெயர் ஒன்று என்பதற்காக இரண்டையும் முடிச்சுப் போட்டு ஒருவர் கூட்டத்தில் பேசக் கேட்டிருக்கிறேன். அது தப்பு. அங்கே ஈர்ப்பு பொருளை ஓரங்களுக்கு இழுத்துக்கொண்டது, நடு காலியானது. இங்கே காலியிடமே ஒன்று சேர்கிறது. கிப்பிள் விஷயத்தில் இரண்டு பக்கமும் ஒரே கணக்கு ஓடுகிறது, அதனால் அந்த உறவு நிற்கும்.

மதுரை டீச்சரம்மா | ஞாயிறு, இரவு 7.50

நான் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். நேற்று இந்த உரையாடலை என் மகளோடு உட்கார்ந்து படித்தேன். கேம்பிரிட்ஜில் பிராக்கும் நையும் 1947இல் சோப்புக் குமிழிகளைப் பரப்பி உலோகத்தின் மாதிரி காட்டினார்கள் என்று பி.எட். படிக்கும்போது படித்தது நினைவு வந்தது. இன்றைக்குச் செய்து பார்த்துவிட்டோம்.

பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தில் தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், கொஞ்சம் கிளிசரின். மீன்தொட்டி மோட்டாரின் குழாய் முனையில் மருந்துக் கடையில் வாங்கிய ஊசி. ஊசியை நீருக்கு அடியில் ஆட்டாமல் ஒரே ஆழத்தில் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் குமிழிகள் சின்னதும் பெரிதுமாக வந்துவிடுகின்றன. மூன்று தடவை கெட்டது. நாலாவது தடவை சரியாக வந்தது, ஒவ்வொன்றும் கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. அவை தாமாகவே ஒட்டி, தேன்கூடு போல அறுகோணமாக அடுக்கிக்கொண்டன.

எல்லாம் தெரிந்தது. ஒரு குமிழி இல்லாத பொட்டல், அது காலியிடம். வேறு வேறு திசையில் அடுக்கிய இரண்டு பகுதிகள் முட்டும் கோடு, பக்கெட்டில் பார்க்கச் சொன்ன அதே எல்லை. இரண்டு பக்கமும் ஸ்கேலை வைத்து மெல்ல நெருக்கியபோது, நடுவில் ஒரு வரிசை சட்டென்று ஒரு குமிழி அளவு வழுக்கி ஓடியது. என் மகள் கத்திவிட்டாள். அது ஓடிப்போய் அந்த எல்லைக் கோட்டில் முட்டி நின்றுவிட்டது. அதற்கு மேல் போகவில்லை. ஏன் நின்றது என்று கேட்கிறாள்.

சேலம் பட்டறை வாத்தியார் | ஞாயிறு, இரவு 8.30

டீச்சர், பாப்பாவிடம் சொல்லுங்கள், அவள் பார்த்தது 1951இல் ஹாலும் 1953இல் பெட்சும் கணக்காக எழுதிய விஷயம். எல்லையைத் தாண்டினால் அந்தப் பக்கம் வரிசை வேறு திசையில் ஓடுகிறது, பிசகு நேராகப் போக வழியில்லை. அதனால் மணிகள் சின்னதாகச் சின்னதாக, எல்லைகள் கூடும், பிசகுகள் அடிக்கடி முட்டி நிற்கும், உலோகம் வலுவாகும். அடுத்த தடவை ஒரு குச்சியால் குமிழிகளை நன்றாகக் கலக்கிவிட்டு நெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மணிகள் பொடிப்பொடியாக இருக்கும், ஓடும் தூரம் குறையும். அப்படியே கொஞ்ச நேரம் விட்டால் மணிகள் ஒன்றையொன்று விழுங்கிப் பெரிதாகும்.

கோவை காயில்காரர் | ஞாயிறு, இரவு 9.05

டீச்சர், அந்த ஊசி எந்த நம்பர் என்று சொல்லுங்கள். நாளைக்குக் கடை லீவு. மீன்தொட்டி மோட்டார் நம்மிடம் பழுதுக்கு வந்து சரிசெய்தது ஒன்று இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்கிறேன். பையன் தாம்பாளத்தை இப்போதே எடுத்து வைத்துவிட்டான்.